பாலத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

டென்மார்க்கில் நான் குடியிருக்கும் சிறு நகரத்தில், காலை ஆறரை மணிக்குக் கால்வாய்க் கரையில் ஒரு வெள்ளைக் கோட்டருகே சைக்கிளோடு நிற்பேன். கோடு நான் சாக்பீஸால் போட்டதுதான். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் மூச்சுமுட்ட மிதித்து, மெதுவாகத் திரும்பி வந்து, மறுபடி மிதிக்க வேண்டும், எட்டு முறை. இன்டர்வல் பயிற்சி என்று பெயர். நாயோடு நடக்க வரும் ஒரு பெண்மணி என்னைக் கண்டால் நின்று, "வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்பார். முதல் நாள் அன்பு என்றுதான் நினைத்தேன். நான்காம் நாளும் கேட்டபோது, இங்கேதான் குடியிருக்கிறேன் என்று தெருப்பெயர், வீட்டு எண் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. வெள்ளைக்காரன் நின்றால் இந்தக் கேள்வி வருமா? ஊரில் இருப்பவர்களுக்கு இது வீண் சந்தேகமாகப் படலாம். என்னைப் போல் வந்து சேர்ந்தவர்களுக்குப் புரியும்.

சொந்த ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? போன விடுமுறைக்குப் பத்தமடைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். டென்மார்க் திரும்பியதும் எங்கள் சைக்கிள் கிளப்பின் நூறு கிலோமீட்டர் பந்தயம் இருந்ததால் பயிற்சியை விட மனமில்லை. நண்பனிடம் கியர் சைக்கிள் இரவல் வாங்கி, வாய்க்கால் பாலத்தில் சாக்பீஸால் ஒரு கோடும், ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கோடும் போட்டேன். மறுநாள் இரண்டும் அழிந்திருந்தன. மறுபடி போட்டேன், மறுபடி அழிந்தது. மூன்றாம் நாள் ஆளைப் பிடித்துவிட்டேன். இசக்கிமுத்து அண்ணாச்சி, அக்காவின் தெருக்காரர், பாலத்தை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் நெல்வயலுக்குச் சொந்தக்காரர், ஈரக்காலால் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா பாக்கேன் வே. போறீரு, வாறீரு, கைக்கடியாரத்தப் பாக்கீரு, கோடு போடுதீரு. ரோட்டுக்கு எம்புட்டு எடுக்கானுவ?"

புதுச் சாலைக்கு நிலம் எடுக்கப்போவதாக ஊரில் பேச்சிருந்தது எனக்குத் தெரியாது. உடற்பயிற்சி என்றேன். வேர்ப்பதற்கென்றே ஒருவன் தினமும் பாலத்துக்கு வருவானா என்று திருப்பிக் கேட்டார். அவரை நம்பவைக்கக் கைபேசியில் என் பயிற்சிச் செயலியைத் திறந்து காட்டினேன். அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் பாலமும் வயலும் வரப்பு வரப்பாகத் தெரிந்தன. நான் போய்வந்த வழி தடித்த சிவப்புக் கோடாக ஓடி, ஓரிடத்தில் சாலையை விட்டு விலகி அவர் நாற்றங்கால் மேலேயே ஏறியிருந்தது. செயலியின் பிசகு என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"வயலுக்குள்ளல்லா போவுது," என்று மட்டும் சொன்னார். அன்றோடு பயிற்சியை நிறுத்தினேன்.

நான் டென்மார்க் திரும்பிய இரண்டாம் மாதம் அக்கா போனில் அழைத்தாள். அளக்க ஆட்கள் வந்து அண்ணாச்சி வயலில் கல் நட்டுவிட்டார்களாம்.

"உனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு அண்ணாச்சிகிட்ட எம்புட்டோ சொன்னேன்லே. ஒந்தம்பி காட்டுன கோட்டுலதான் கல்லு நிக்குன்னு சொல்லுதாரு. தெருவுல யாரும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டுக்காவ."

அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. நான் ஓட்டிய வழிகளை அந்தச் செயலி யாருக்கெல்லாம் கொடுக்கிறது என்று அதன் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. புரிந்ததும் நிம்மதி தரவில்லை. அண்ணாச்சிக்கு என்மேல் இருந்த சந்தேகம் இப்போது எனக்கே என்மேல் வந்துவிட்டது.

இன்று காலை நாய்ச் சங்கிலியின் சத்தம் கேட்டதும், அந்தப் பெண்மணி வளைவில் திரும்புவதற்குள், சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் கோட்டை நானே காலால் தேய்த்து அழித்தேன். அவர் அருகே வந்து வழக்கம்போல், "வழி தவறிவிட்டீர்களா?" என்றார். வீட்டு எண் வாயில் வரவில்லை. ஷூவில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.