பால்துளி வாசலில் இந்துமதி

இந்துமதி அக்கா இஸ்ரேலிலிருந்து திரும்பி வந்த முதல் மாதம், மஞ்சூர் பஜாரில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். குண்டு விழுந்ததா, சைரன் அடித்தால் எங்கே ஓடுவீர்கள், பயமாக இல்லையா. டீக்கடையில் அந்த நாட்டைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கட்சி உண்டு. ஒருவர் அவர்களைப் போல அறிவாளிகள் உலகத்தில் இல்லை என்பார், இன்னொருவர் அவர்களைப் போல கொடியவர்கள் இல்லை என்பார். அக்கா இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் என் மருந்துக்கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார்.

"ஆறு வருசம் இருந்துட்டு வந்துருக்கேன் தம்பி. அங்க தட்டம்மை வந்துச்சே, புள்ளைங்க செத்துச்சுங்களே, அதைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க."

நான் கேட்டேன். ஒரே நாளில் அல்ல, கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதுதான் இது.

அக்காவின் அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இங்கே எஸ்டேட் லைனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு கொடுத்தார்கள். வந்த வருஷமே அக்காவின் மூத்த சகோதரி, நான்கு வயதுக் குழந்தை, மணல்வாரி கண்டு இறந்துபோனாள். தட்டம்மையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அக்கா அப்போது கைக்குழந்தை. அம்மா கடைசி வரைக்கும் அந்தப் பெண்ணின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லையாம். பிறகு அக்கா குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸாக வேலை கற்றார், கல்யாணம் ஆனது, கணவர் இறந்தார், மகள் கீர்த்தனாவைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது. கூடலூரில் ஒரு ஏஜென்சி மூலம், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜெருசலேம் போனார்.

அவருக்குக் கிடைத்தவர் யெர்மியாஹு என்ற எண்பது வயதுக்காரர். மதப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட, வேதம் படிப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் யூதர்கள் நெருக்கமாக வாழும் பேட்டை அது. வீட்டில் டிவி கிடையாது. போனில் இன்டர்நெட் கிடையாது. செய்தி வேண்டுமென்றால் ஒரு நம்பருக்கு டயல் செய்தால் பதிவு செய்த குரல் பேசும். மற்றதெல்லாம் தெருச் சுவரில் ஒட்டும் நோட்டீஸில் வரும். அக்கா இரண்டு வருஷத்தில் ஹீப்ரு பேசப் பழகிவிட்டார். கிழவர் அவரை இந்து என்று கூப்பிடுவார்.

பக்கத்து வீட்டில் கிழவரின் பேரனும் அவன் மனைவி யோஹெவெத்தும் இருந்தார்கள். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஐந்து குழந்தைகள். கடைக்குட்டி ஷிஃப்ராவுக்கு ஒன்றரை வயது. மூத்தவை இரண்டுக்கும் ஊசி போட்டிருந்தாள், பின்னால் பிறந்த மூன்றுக்கும் போடவில்லை. தட்டம்மை ஊருக்குள் பரவ ஆரம்பித்தபோதுதான் அக்காவுக்கு இது தெரிய வந்தது.

"மதம் தடுக்குதோன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன். அப்படியில்லீங்க தம்பி. பெரிய பெரிய குருமாரெல்லாம் ஊசி போடுங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது செவுத்துல ஒட்டியிருந்துச்சு. மறுநாள் எவனோ அது மேலயே போடாதீங்கன்னு ஒண்ணை ஒட்டிட்டுப் போயிட்டான். பேரில்ல, ஊரில்ல."

யோஹெவெத்துக்குக் காரணங்கள் வேறு. இரண்டாவது குழந்தைக்கு ஊசி போட்ட பத்தாம் நாள் காய்ச்சல் வந்து வலிப்பும் வந்திருக்கிறது. குழந்தை பிழைத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏன் வந்தது, மறுபடி வருமா என்று அவளுக்கு யாரும் விளக்கவில்லை. ஊசி போட்ட இடத்துக்குப் போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கொரோனா வந்தது, அதன் பின் போர். தாய் சேய் நிலையம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அதற்கு அங்கே 'பால்துளி' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் முகம் கொஞ்சம் இளகும். அவ்வளவு பெரிய பேட்டைக்கு இருந்தது ஒரே ஒரு நர்ஸ்.

அதற்கு மேல் பட்டாளச் சண்டை. வேதம் படிக்கும் பையன்கள் ராணுவத்துக்கு வர வேண்டும் என்று அரசாங்கமும் கோர்ட்டும் சொல்ல, இவர்கள் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். யோஹெவெத்தின் கணவனுடைய தம்பியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து அரசாங்க முத்திரை போட்ட எந்தக் காகிதம் வந்தாலும் அவள் பிரிக்க மாட்டாள். இன்றைக்குக் குழந்தையின் பெயரைக் கேட்பார்கள், பதினெட்டு வருஷம் கழித்து அதே பட்டியலை வைத்துக்கொண்டு வருவார்கள் என்பாள்.

கிழவருக்குக் கோபம் இரண்டு பக்கமும் இருந்தது. மந்திரி நாற்காலியில் எந்தக் கட்சி உட்காருவது என்று சண்டை போடுகிறார்கள், இந்தத் தெருவுக்கு இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று நம்முடைய பார்லிமென்ட் மெம்பர்களில் ஒருவன்கூடக் கேட்கவில்லை என்று கத்துவார். பேரன் மனைவியைக் கூப்பிட்டு, பேன்டைத் தூக்கித் தன் காலைக் காட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் கிழவரின் மகன், இதைத் தூண்டிவிட்டது அக்காதான் என்று எண்ணி அவரிடம் வந்து, நீ அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், குடும்ப விஷயத்தில் தலையிடாதே என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தலையிட்டார். துணி காயப்போடும் மொட்டை மாடியில் யோஹெவெத் தனியாக இருந்தபோது, தன் மூத்த சகோதரியைப் பற்றி, அப்பா சொல்லிக் கேட்டதைச் சொன்னார். வேப்பிலை கட்டி வைத்துவிட்டு அம்மா மூன்று நாள் கும்பிட்டதை, நான்காம் நாள் அப்பா துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதை, அதன் பிறகு அந்தப் பெயரே வீட்டில் இல்லாமல் போனதை. யோஹெவெத் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாளாம். வலிப்பு வந்தால் நீ கூட இருப்பாயா என்று கேட்டாள். இருப்பேன் என்றார் அக்கா.

அந்த வாரமே போனார்கள். தள்ளுவண்டியில் ஷிஃப்ரா, இரண்டு பக்கமும் பிடித்தபடி ஊசி போடாத மற்ற இரண்டு. பால்துளி வாசலில் வரிசை தெருவரைக்கும் நின்றது. உள்ளே உட்கார இடமில்லை. மூன்று மணி நேரம் நின்றார்கள். குழந்தைகள் அழுது, தூங்கி, எழுந்து, மறுபடி அழுதன. முறை வந்தபோது மேசையில் இருந்த பதிவாளர், நகரத்தின் வேறு பகுதியிலிருந்து புதிதாக வந்த பெண், பழைய அட்டைகளைக் கேட்டாள். ஒரு அட்டையைக் காணோம். அவளும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று அக்கா இன்றைக்கும் சேர்த்துச் சொல்வார். ஆனால் அவள் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"வரி கட்ட மாட்டீங்க, பட்டாளத்துக்கு வர மாட்டீங்க. நோய் வந்ததும் மட்டும் எங்க கதவைத் தட்ட வழி தெரியுது."

யோஹெவெத் ஷிஃப்ராவின் பக்கம் குனிந்தாள். குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். வண்டியைத் திருப்பினாள். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். விடு இந்து என்றாள். அக்கா விட்டார். உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் விஷயம் கேட்டு வெளியே ஓடி வந்து, தெருமுனை வரைக்கும் கூப்பிட்டாள். யோஹெவெத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை.

"நான் கையை எடுத்திருக்கக் கூடாதுங்க" என்று அக்கா இந்த இடத்தில் எப்போதும் நிறுத்துவார்.

மூன்று வாரம் கழித்து ஷிஃப்ராவுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, காதுக்குப் பின்னாலிருந்து தடிப்பு இறங்கியது. சனிக்கிழமை மதியம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்கள். ஆனால் குழந்தையின் விலா குழிவதைப் பார்த்ததும் அந்தக் கணவன் ஒரு நொடி யோசிக்கவில்லை, போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான், அதில் ஏறிப் போனான். உயிர் என்று வந்தால் ஓய்வு நாளை மீறுவதுதான் கட்டளை என்று கிழவர் முன்பே அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அக்கா கிழவரிடம் கேட்டேவிட்டார். உயிர் போகிற நேரத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கத் தெரிகிற ஜனங்களுக்கு, அதற்கு ஒரு மாதம் முன்னால் ஏன் தெரியவில்லை?

கிழவர் தன் இடது காலைக் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "ஆம்புலன்ஸை நாங்க நம்புறோம். அதை ஓட்டுறவன் எங்க தெருப் பையன்" என்றார்.

ஷிஃப்ரா பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். நோய் நுரையீரலோடு நிற்காமல் மூளைக்கும் போனது. உயிர் பிழைத்துவிட்டாள். இரண்டு காதும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா சாப்பாடு கொண்டுபோனபோது யோஹெவெத் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிரார்த்தனைப் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள்.

"எல்லா டாக்டரும் ஏன் போடலன்னு கேக்குறாங்க இந்து. நான் அன்னைக்கு வந்தேன்னு யார்கிட்டச் சொல்றது?"

வீட்டுக்கு வந்த வாரம் மற்ற இரண்டு குழந்தைகளையும் அவளே வேறொரு பேட்டை நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அதனால் தெருவுக்கு அது தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்தது சுவரில் வந்த புது நோட்டீஸ்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தால்தான் ஒரு குழந்தைக்குக் காது போனது, ஜாக்கிரதை என்று. கிழவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டுச் சாவியால் அதைச் சுரண்டினார். பாதிதான் வந்தது. தெருப் பையன்கள் சுற்றி நின்று கத்தினார்கள். அவர்களில் சிலர் அவரிடம் படித்தவர்கள். அதே நாளில் ரேடியோவில் யாரோ ஒரு அரசியல்வாதி, இந்த ஆட்களைத் திருத்தவே முடியாது என்று பேசியதாகப் பால்காரர் வந்து சொன்னார்.

கிழவர் சொல்லச் சொல்ல மகன் எழுதி, சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் போனது. இன்னொரு நர்ஸ் வேண்டும், ஒரு சனம் வந்து நின்றால் முதலில் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள் என்று எழுதச் சொன்னாராம். பதில் வந்தது. தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. அந்தப் பதிவாளரை இடம் மாற்றினார்கள். நர்ஸ் வரவில்லை. குளிர்காலத்தில் கிழவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அக்காவின் விசாவும் அதோடு முடிந்தது.

இங்கே வந்த பிறகாவது அக்கா இதையெல்லாம் மறந்துவிட்டு மகளோடு நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் தம்பி மாரிச்சாமி இன்னும் எஸ்டேட் லைனில்தான் இருக்கிறார். மாரிச்சாமியின் மருமகள் ஷண்முகப்ரியா தன் பையனுக்கு இரண்டாம் தவணை தட்டம்மை ஊசி போடவில்லை என்று அக்கா கண்டுபிடித்தார். அவள் மட்டும் இல்லை, அந்த லைனே போன ஊசி முகாமைப் புறக்கணித்திருந்தது. குடிதண்ணீர் டேங்கில் எலி செத்துக் கிடந்து எட்டு மாதம் ஆகிறது, கழுவ ஒரு ஆள் வரவில்லை, ஊசிக்கு மட்டும் ஜீப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

அக்கா முகாம் நடத்தும் அதிகாரியைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். டேங்க் பஞ்சாயத்து வேலை, என் வேலை இல்லை என்றார் அவர். அது அவர்களுக்குத் தெரியாதுங்க, அவர்களுக்கு நீங்களும் பஞ்சாயத்தும் ஒன்றுதான் என்று அக்கா பொறுமையாகச் சொன்னார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, லைன் ஜனங்களே இப்படித்தான் என்றார். அக்காவின் குரல் எழும்பி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க சார். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு கொழந்தைக்குக் காது போயிருச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து அக்கா எனக்கு முன்னால் வேகமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஞ்சாயத்து ஆபீசுக்கு ஐந்து வாரம் நடந்தார். ஆறாவது வாரம் டேங்கைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசினார். அடுத்த முகாம் அன்று, லீவு போட்டுவிட்டு இருபத்தாறு பேர் குழந்தைகளோடு காலை ஒன்பது மணிக்கே அங்கன்வாடி முன்னால் வந்து நின்றார்கள். அன்றைக்கென்று முதல் நாள் மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஊசி வண்டி வரவில்லை. புதன்கிழமை வருகிறோம் என்று போனில் சொன்னார்கள். புதன்கிழமை இவர்களுக்கு இன்னொரு லீவு யார் கொடுப்பார்கள்? பதினோரு மணிக்குச் சிலர் கிளம்பினார்கள், பன்னிரண்டுக்கு இன்னும் சிலர்.

கடைசியில், முகாமுக்கு வரவேண்டிய நர்ஸ் தெய்வம்மா, மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவைத் தாண்டி நடந்தே வந்து சேர்ந்தார். மணி இரண்டரை. காலெல்லாம் சேறு. அப்போது நின்றவர்கள் பதினைந்து பேர். அக்கா லைன்களுக்கு ஓடி நான்கு பேரை மறுபடி கூட்டி வந்தார். அதில் ஷண்முகப்ரியாவும் ஒருத்தி.

பத்தொன்பது பெரிய விஷயம்தான் என்று நான் மறுநாள் கடையில் சொன்னேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. விட்டுப்போன ஏழு வீடு எது எது என்று என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அதில் மூன்று பேர் இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். வரச் சொன்னார்கள், வந்து நின்றோம், ஆள் இல்லை என்கிறார்களாம்.

"அவங்களை நான் என்னன்னு சொல்லிக் கூப்பிடறதுங்க தம்பி?"

அக்கா அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, மூன்றே கால் பஸ்ஸுக்குப் போனார்.