அத்தான் பார்த்த வெள்ளை

கடைத்தெருவில் என் அத்தானுக்குச் 'சட்டம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும்தான் இருக்கிறது. கார் வயரிங் வேலை. ஒரு காரை நிறுத்தினால் வாசல் அடைபட்டுவிடும், அவ்வளவுதான் கடை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளின் மிடுக்கைப் பார்த்தால் உச்ச நீதிமன்றம் என்று நினைப்பீர்கள்.

ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன பல்பு இருக்கிறதே, சைடு லைட், இப்போது எல்லோருக்கும் அதன் மேல்தான் மோகம். கம்பெனியில் போட்டுத் தருவது அழுதுவடியும் மஞ்சள். ஹெட்லைட் பளீரென்று வெள்ளையாக எரியும்போது பக்கத்தில் அது பல் தேய்க்காத வாய் மாதிரி தெரியும். அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டால் பழைய காருக்கும் ஒரு களை வந்துவிடும். ஒரே நிபந்தனை, முன்பக்கம் வெள்ளைதான் எரிய வேண்டும். நீலம் எரிந்தால் ஆர்.டி.ஓ. வண்டிச் சோதனையில் தள்ளிவிடுவார்கள்.

"நீலம் போடுங்கண்ணே, கெத்தா இருக்கும்" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "கார் வச்சிருக்கியா, சர்க்கஸ் வச்சிருக்கியா?" என்று ஆரம்பித்துவிடுவார் அத்தான்.

டப்பாவில் மொத்தமாக வரும் பல்புகளில் நிறம் ஒன்றுபோல் இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் பேட்டரியில் எரியவிட்டு, ஒரு வெள்ளைத் தாளுக்குப் பின்னால் பிடித்துப் பார்ப்பார். தேறியது மேஜைக்கு, தேறாதது தகர டப்பாவுக்கு. "என் கை பட்ட லைட்டை எவன் தடுத்தாலும் நான் வந்து நிக்கறேன்" என்பார். அப்படிப் போய் நிற்க வேண்டிய அவசியம் ஒரு தடவைகூட வந்ததில்லை.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வருஷா வருஷம் சோதனையில் தேறினால்தான் ரோட்டில் இறங்க முடியும். இந்தத் தடவை அத்தானிடம் புது சைடு லைட் போட்டுக்கொண்டு ஜம்மென்று போனேன். சோதனை அதிகாரி காரின் முன்னால் குனிந்தார், நிமிர்ந்தார்.

"நீலம். மாத்திட்டு அஞ்சு மணிக்குள்ள வாங்க. இல்லன்னா அடுத்த மாசம்தான்."

"சார், இது எங்க அத்தான் போட்டது. அவர் நீலத்தைக் கையால கூடத் தொடமாட்டார்."

"அத்தான் போட்டா நீலம் வெள்ளையாயிடுமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் முதல் நாளே லேசாக நீலமாகத்தான் தெரிந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. சட்டமே வெள்ளை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு என் கண்ணை யார் கேட்டார்கள்? வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

கோபத்தோடு கடை வாசலில் நான் பிரேக் போட்ட சத்தத்துக்கே அக்கா வெளியே வந்துவிட்டாள். அத்தானுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். நான் கத்தினேன். அத்தான் என்னைவிட இரண்டு பங்கு கத்தினார். "எவன் அந்த ஆபீசர்? நானே வரேன்!" என்று பல்பைக் கழற்றி, பேட்டரியில் கொடுத்து, தாளுக்குப் பின்னால் பிடித்தார். தாள் நீலமாக ஒளிர்ந்தது.

"பாரு, பால் மாதிரி இருக்கு" என்றார்.

மனிதர் விளையாடவில்லை. தேறாததைப் போட்டுவைத்த தகர டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து எரியவிட்டார். அதுதான் அசல் வெள்ளை. "இது மஞ்சள். அதனாலதான் ஒதுக்கினேன்" என்றார். பிறகு முதல் பல்பை அக்காவிடம் நீட்டினார். "நீ சொல்லு, இது என்ன கலர்?"

அக்கா பல்பைப் பார்க்கவே இல்லை. "வெள்ளைதான்" என்றாள்.

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் இத்தனை மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தானும் கேட்டதில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, நீ சொல்லு."

அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். எனக்கோ ஐந்து மணிக்குள் வண்டி தேற வேண்டும். "நீலம், அத்தான்" என்றேன். சொன்ன வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா அழ ஆரம்பித்தாள். விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும். கண்ணில் புரை. டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதுமே, "பொடி எழுத்தெல்லாம் படிக்கிற எனக்கா புரை?" என்று எழுந்து வந்துவிட்டாராம் அத்தான். மிச்சத்தை உட்கார்ந்து கேட்டவள் அக்கா. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும், நீலம் தெரியாமல் போகும் என்றாராம் டாக்டர். ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறாள். முறை வர ஐந்து மாதம் ஆகும்.

"கடைய மூடச் சொன்னா மனுஷன் இடிஞ்சு போயிடுவாரேன்னுதான் சொல்லல" என்றாள்.

அத்தான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "டப்பாலேருந்து ரெண்டு நீயே பாத்து எடு மாப்ளே" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன், அவர் மாட்டினார். கை பழைய கைதான், தடவிப் பார்த்தே மாட்டிவிட்டது. சோதனைக் கூடத்தில் கதவு சாத்தும் நேரத்துக்கு என் கார் தேறியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். முடியவில்லை.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அத்தான் ரோட்டோரத்தில், கார்கள் லைட் போட்டுக்கொண்டு வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். அவர் ரோட்டில் இறங்கிவிடாமல் அக்கா சட்டையைப் பிடித்திருந்தாள். சில கார்களைப் பேசாமல் விட்டார். ஒரு கார் வந்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஓட்டியவன் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான்.

"அது என்ன கலர் மாப்ளே?"

"நீலம், அத்தான்."

"நான் போட்டதாத்தான் இருக்கும். இந்த வருஷம் நூறு வண்டிக்காவது போட்டிருப்பேன். அத்தனையும் மாத்திக் குடுக்கணும்." அடுத்த காருக்கும் கையைத் தூக்கினார். "என் கண்ணுக்கு எது சரியாத் தெரியுதோ அதையெல்லாம் நிறுத்தப் பாக்கறேன். ஒருத்தன்கூட நிக்க மாட்டேங்கறான்."