போஞ்சி யாருடைய சொல்?

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மாமா கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் அழுதழுது கண் வீங்கிப்போயிருந்த அம்மா, அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணைக் கண்டதும் அழுகையை நிறுத்தினார். யாருக்கும் சொல்லாமல் மாமா கலியாணம் கட்டியிருந்த, தெற்கே காலி நகரப் பக்கத்துச் சிங்களப் பெண் அவர். அம்மா மாமிக்குச் சோறு போடுவார், பாய் விரித்துக் கொடுப்பார். ஒரு சொல் பேசமாட்டார். மாமிக்கும் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருக்க முடியாமல் மாமா கிணற்றடியிலேயே பொழுதைக் கழித்தார். எங்கள் கத்தரித் தோட்டத்துக்கு அவ்வளவு தண்ணீர் ஒருநாளும் கிடைத்ததில்லை.

மாமிக்குத் தமிழ் படிப்பிக்கும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஏழு வயது. எனக்குத் தெரியாத தமிழ் உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. சந்தைக் கூடையை முன்னால் வைத்து, கத்தரிக்காய், வெண்டிக்காய் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். மாமி, பாவம், நாக்கைப் பிரட்டிப் பிரட்டிச் சொன்னார். அடுத்ததாகப் பீன்ஸைத் தூக்கினேன். நான் வாய் திறக்குமுன் அவரே "போஞ்சி" என்றார்.

"அம்மா, மாமிக்குத் தமிழ் தெரியும்! இவ்வளவு நாளும் நடிச்சிருக்கிறா!"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். மாமியைப் பார்க்காமல் என்னிடம், "உது எங்கடை சொல்லெண்டு அவவுக்குச் சொல்லு" என்றார்.

மாமிக்கு என்ன விளங்கியதோ, கூடையைத் தொட்டு, "அபே போஞ்சி" என்றார்.

வாளியோடு வந்த மாமா நின்றுவிட்டார். "அவவும் எங்கடை எண்டுதான் சொல்லுறா, அக்கா. ஏன் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கிறியள்? யாழ்ப்பாணத்திலையும் காலியிலையும் கோட்டை கட்டின ஒல்லாந்தன், அந்த டச்சுக்காரன், விட்டிட்டுப் போன சொல்லு உது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. காய்களைச் சுளகில் கொட்டி மாமியின் பக்கம் தள்ளி, முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்து, "போஞ்சி" என்றார். மாமி தலையாட்டிவிட்டு நார் உரிக்கத் தொடங்கினார். எனக்குத்தான் கோபம். என்னுடைய காய் ஒன்றை ஒல்லாந்தனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே!

அதன் பிறகு எங்கள் வீட்டில் நாள்தோறும் போஞ்சிக் கறி. "தோட்டத்திலை கத்தரி காய்ச்சுத் தொங்குது, நீ சந்தையிலை போஞ்சி வாங்கிறாய். உனக்கென்ன விசரே?" என்று அப்பா கத்தினார். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதேன்.  அம்மா மறுநாளும் கூடையை மாமியின் முன்னால் வைத்து "போஞ்சி" என்றார். மாமியும் சிரித்தபடி "போஞ்சி" என்றார். அவர்கள் பேசிக்கொள்வதற்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.