செம்மரம் வெட்டாத மாப்பிள்ளை

கேமராவை மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி முடித்ததும் எங்கள் குழுவை நடத்திய மேடம் சொல்லும் ஒற்றை வார்த்தை இன்றும் காதில் நிற்கிறது: "தவழுங்க." உடல் சூடுள்ள எதுவும் எதிரில் அசைந்தால் தானாகப் படம் பிடிக்கும் பெட்டி அது. சிறுத்தை வரும்போது ஏமாற்றாமல் இருக்குமா என்று பார்க்க, முன்னால் யாராவது நாலு காலில் போய்க் காட்ட வேண்டும். எங்கள் வனவிலங்குக் கணக்கெடுப்புக் குழுவின் சிறுத்தை நான்தான். தொப்பை தரையில் உரசும் சிறுத்தை.

திருத்தணியிலிருந்து எல்லை தாண்டி ஆந்திரக் காப்புக்காட்டுக்குள் போனால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கல். அந்த நேரம் பார்த்துப் பொதட்டூர்பேட்டையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் அப்படித்தான் என்று நம்பினேன், கண்ணாடி பார்க்காத நேரங்களில். ஆனால் அவளுடைய அப்பா தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்: "மாசம் பூரா ஆந்திரா காட்லயே இருந்துகினு வரான். செம்மரம் வெட்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேங்க." அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படிக் கூலிக்குப் போய் ஜெயிலில் கிடப்பவர்களைப் பற்றிச் சேதி வந்துகொண்டே இருந்த காலம்.

நான் இரண்டாம் முறை சோறு வாங்காததைப் பார்த்துப் பயந்துபோய் மேடம் காரணம் கேட்டார். நான் கணக்கெடுப்பு ஆள்தான் என்று முத்திரை குத்தி ஒரு கடிதம் கொடுத்திருந்தாலே பெரிய உதவி. அவரோ தமக்கிருந்த ஒரே ஓய்வு நாளில், லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நெரிசலான பஸ்ஸை நான் மறக்கவில்லை.

பெண்ணின் அப்பா விசைத்தறியை நிறுத்தாமலே எங்களை உட்காரச் சொன்னார். மேடம் நல்ல படங்களாகப் பொறுக்கி எடுத்து வந்திருப்பார் என்று நம்பியிருந்தேன். அவரோ எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினார். முதலில் என் பின்புறம். அடுத்தது கரடி. மறுபடி நான், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு. பிறகு முள்ளம்பன்றி, நான், மரநாய், நான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி.

அவர் எழுந்து போய்த் தறியை நிறுத்தினார்.

"இதுல மிருகம் எதுங்க மேடம்?"

"எல்லாமேதாங்க. இது ஒண்ணுதான் சம்பளம் வாங்குது."

அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் என் படத்தையே பார்த்தார். "ஆங், மரம் வெட்றவன் கேமராவப் பாத்தா ஓடுவான். இப்பிடி மானத்த வுட்டுகினு நிக்க மாட்டான்" என்றார்.

பிறகு மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"கரடிதான் நைனா களையா கீது. பரவால்ல, இவரே போதும்."

இன்றும் என்மேல் கோபம் வந்தால் அவள் கரடி சௌக்கியமா என்று விசாரிக்கிறாள். நான் மேடம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன்.