ஐந்தாவது கையெழுத்து

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாளே அண்ணன் கேட்டுவிட்டார். "அப்பா ஏதாச்சும் எழுதி வச்சிருக்காரா தங்கச்சி? இல்லேன்னா வீட்ட வித்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்குவோம்."

கொழும்பில் அவருக்கு வாடகை வீடு, மூன்று பிள்ளைகள். அவர் கேட்டதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் போக்கிடம் அந்த வீடுதான். ஓய்வு பெற்றதும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு, கலவானைப் பக்கம் பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கி அப்பா கட்டியது. அம்மா போனபிறகு கல்யாணம் கில்யாணம் என்று எதுவுமில்லாமல் நான் அவரோடு கிடந்த வீடு.

ட்ரங்குப் பெட்டி, அரிசிப் பானை, சாமிப் படங்களின் பின்புறம் எல்லாம் குடைந்தேன். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று அவர் படத்தைப் பார்த்துக் கத்தியேவிட்டேன்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் சொன்னார். "ஏன்டி, அன்னிக்கிப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் கையெழுத்து வச்சோமே, அது என்னா?"

பளிச்சென்று ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை. டவுனில் மனு எழுதுகிறவரிடம் ஏதோ எழுதி வாங்கி வந்த அப்பா, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடத்து மாஸ்டர், கணக்கப்பிள்ளை, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், அக்கா. ஐந்து பேர் வேண்டுமாம், தபால்காரர் வரவில்லை. தேத்தண்ணி கொண்டுபோன என்னை அப்பா நிறுத்தினார். "நீயும் போடு தாயி. என் மகளுக்குக் கைரேகை வைக்கிற பொழப்பு இல்ல."

காகிதம் சிங்களத்தில் இருந்தது. எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. தொழிற்சங்கத்துக் காகிதம் என்று நினைத்து, வால் சுழித்து அழகாகப் போட்டேன். என்ன பெருமை எனக்கு!

அன்றைக்கே அப்பா கொடுத்துவைத்த காகிதம் மாஸ்டரின் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அண்ணனும் நானும் அதை இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். லோயர் வாசித்துச் சொன்னார். மரண சாசனம்தான். வீடும் காணியும் மகளுக்கு. அண்ணன் தரையைப் பார்த்தார்.

லோயர் கையெழுத்துகளை விரலால் எண்ணினார். "இந்தக் கடைசி ஆள் யாரு?"

"நான்தான் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "சாட்சி வச்ச ஆளுக்கே எழுதின சொத்து செல்லாது, தங்கச்சி."

"அப்ப என் கையெழுத்த வெட்டிடுங்க சேர். மத்த நாலு பேர் இருக்காங்களே."

"நாலு பேர்னா இது மரண சாசனமே இல்ல. அஞ்சு வேணும்."

அட கடவுளே! இருந்தாலும் இல்லை, வெட்டினாலும் இல்லை. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? செத்துப்போன மனுஷரிடமா?

பஸ்ஸில் வாயைத் திறந்தேன். "அப்பா நெனச்சது இதுதானே அண்ணே..."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம் பேரையே எழுதலையே தங்கச்சி அவரு. சட்டம் குடுக்குறதையாவது எனக்கு விடு."

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் நான் என்ன கேட்பது?

ஆறு மாதத்தில் வீடு விலைபோனது. விற்பனை உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிஸ் என்னிடம் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடத் தெரியாதுங்க" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நான் மைப் பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினேன்.