வால் இல்லாத விறகு

விறகு வியாபாரத்தில் ஒரு சௌகரியம் உண்டு: சரக்கு பழுதாகாது, வியாபாரிதான் பழுதாவான்.

பென்சன் எடுத்துவிட்டு வீட்டுக் கதிரையில் குந்தியிருக்கும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் உப்பளக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்தேன். வெளியே வந்த ஆறாம் மாதம் இரத்தத்தில் சீனி ஏறியது. சிலாபத்து டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் மாம்புரிப் பக்கத்தில் ஒரு மனிதன் சும்மா நடக்க முடியாது. ஒவ்வொரு கேற்றிலும் ஒருவர் நின்று "எங்க போற?" என்று கேட்பார். தோளில் கோடாலி இருந்தால் ஒருவரும் கேட்பதில்லை. அப்படித்தான் தொடங்கியது. சொந்தக்காரரின் தோட்டங்களில் விழுந்த மரத்தை வெட்டுவேன், காயவைப்பேன், கேட்டவர்களுக்குக் கட்டாக விற்பேன். தேவைக்கு அல்ல, ஆசைக்கு.

அந்த ஆசைக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் நோன்பு முப்பது நாளும் கஞ்சி காய்ச்சி ஊருக்கே கொடுப்பார்கள். அதில் ஒரு நாளாவது கஞ்சி என் விறகில் காயவேண்டும். முப்பத்தொரு வருடம் நான் எழுதியதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. நான் பாடுபட்ட ஒன்றை ஊர் ஒரு நாளாவது குடிக்கட்டுமே என்று நினைத்தேன். ஆனால் அந்த அடுப்புக்கு விறகு எது என்று தீர்மானிப்பவர் கஞ்சி காய்ச்சும் ரசாக் நானா. அவருக்கு வருடா வருடம் வண்ணாத்திவில்லிலிருந்து லொறியில் விறகு வரும்.

முதல் வெட்டு

என் மச்சானின் தென்னந்தோட்டத்தில் காற்றுக்கு ஒரு வேப்பமரம் சாய்ந்திருந்தது. புதுக் கோடாலியோடு போனேன். பக்கத்து நிழலில் ஜாபிர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். அவன் கடல் தொழிலாளி. பேச்சு குறைவு, பார்வை கூட. நான் ஓங்கி வெட்டினேன், கோடாலி மரத்தில் இறுகியது. காலை மரத்தில் ஊன்றி இழுத்தேன், கோடாலி வந்தது, நானும் மல்லாக்க விழுந்தேன். காலை முழுதும் இதுதான் வேலை.

பதினொரு மணிபோல் கோடாலியின் தலை கழன்று பறந்துபோய் அவன் வலையில் விழுந்தது. ஜாபிர் அதை எடுத்தான், விரலால் கூர் பார்த்தான், எழும்பி வந்து என் கையில் தந்தான்.

"கோடாலி நல்ல சாமான்தான் கிளாக்கர். விடிஞ்சதிலருந்து வெட்டுறீங்க, மரத்துக்கு ஒரு காயமும் இல்ல."

ஃபைல் போட்ட விறகு

வெட்டப் பழகிவிட்டேன். ஆனால் கிளாக்கர் புத்தி போகவில்லையே. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, விறகை மரவாரியாகப் பிரித்து, எல்லாத் துண்டையும் ஒரே அளவில் வெட்டி, மதில் மாதிரி அடுக்கினேன். ஒவ்வொரு அடுக்கிலும் பெயர் எழுதிய காகித மட்டை குத்தினேன்: "வேம்பு, தை மாதம்", "சவுக்கு, மாசி மாதம்". மனைவி நசீமா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அது பாராட்டு அல்ல என்று கலியாணம் முடித்த எல்லோருக்கும் தெரியும்.

சிலாபப் பக்கத்திலிருந்து ஒரு பேக்கரி முதலாளி வந்தார். சிங்களவர், தமிழும் கதைப்பார். அவர் நடுவிலிருந்து ஒரு துண்டை இழுக்கப் போனார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மேலருந்து எடுங்க, வரிசை குழம்பிடும்" என்றேன். அவர் மட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். செருப்பைக் கழற்றுவோமா விடுவோமா என்று யோசிப்பவர்போல நின்றார்.

"மாத்தயா, இது விக்கிறதா, பாக்கிறதா?"

அழவைத்த மரம்

களப்புக் கரையில் உப்புத் தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் மரத்தில் கை வைக்கக்கூடாது, சட்டம் இருக்கிறது. ஆனால் ஒதுங்கிக் கிடக்கும் கட்டையைப் பொறுக்கலாம் என்று நானாகவே ஒரு தீர்ப்பு வைத்திருந்தேன். ஒரு நாள் வெள்ளையாகக் காய்ந்த அருமையான கட்டை ஒன்று கிடைத்தது. அது தில்லை மரம். அதன் பால் பட்டால் கண் போகும், புகை பட்டாலும் எரியும் என்பது இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். இலையோடு நின்றால் எனக்கும் தெரியும். பட்டை உரிந்து கிடந்ததில் தெரியவில்லை. அதைப் பிளந்து, எங்கள் தெருவில் எல்லோருக்கும் அக்காவான சித்தி ராத்தாவுக்கு விற்றுவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவர் மகளை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சித்தி ராத்தாவும் தங்கச்சிமாரும் வெளியடுப்பில் பிரியாணி வைத்தார்கள். வேன் வந்து நிற்கும்போது மூன்று பெண்களும் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்று கண்ணீர் வடிக்கிறார்கள். முதலில் இறங்கிய பெரியவர் சாவு வீடென்று நினைத்து "இன்னாலில்லாஹி" சொல்லி, "மையித்து எப்ப எடுக்கிற?" என்று கேட்டிருக்கிறார்.

நல்லவேளை, கலியாணம் சரிவந்தது. அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். சித்தி ராத்தாவின் கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"மகள அனுப்புற அண்டக்கி அழுறதுக்கெண்டு கொஞ்சம் கண்ணீர் வெச்சிருந்தன், கிளாக்கர். அதையும் நேத்தே எடுத்துட்டீங்க."

எங்கள் வீட்டு கேஸ்

விறகு வாங்க ஒரு ஹாஜியார் வந்தார். காய்ந்த வேம்பின் குணநலன்களை நான் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓர் ஓட்டோ வந்து நின்று, கேஸ் சிலிண்டர் ஒன்றை எங்கள் குசினி வாசலில் இறக்கியது. ஹாஜியார் சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு அவசரத்துக்கு வெச்சிரிக்கிற" என்றேன். உள்ளேயிருந்து நசீமா, "அவசரத்துக்கு இல்ல ஹாஜியார், மூணு நேரமும் இதுலதான்" என்றாள்.

வியாபாரம் கெட்டது என்று நினைத்தேன். ஹாஜியார் பெருந்தன்மையானவர்.

"பரவால்ல, ரெண்டு கட்டு தாங்க. மீன் விக்கிறவனும் இறைச்சி தின்னத்தானே செய்றான்."

ரசாக் நானாவின் பரிசோதனை

நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, என்னிடமிருந்த சவுக்கில் ஆகத் திறமான ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு ரசாக் நானாவிடம் போனேன். முதல் தரம் வேலைக்கு விண்ணப்பித்தபோதுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை. அவர் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். கணீரென்றது. மணந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு, "இதுக்கு வால் எங்க?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்துக்கு வைக்கும் விறகு ஆள் நீளம் இருக்கவேண்டும். தலை அடுப்புக்குள் எரியும், வால் வெளியே நிற்கும். தீ காணாதென்றால் வாலைப் பிடித்துத் தள்ளலாம், கூடினால் இழுக்கலாம். என் விறகோ ஒரு முழம், முழுதாக உள்ளே போய்விடும். ஒரு வருடமாக நான் வெட்டி அடுக்கியதெல்லாம் அதே ஒரு முழம்தான். வெட்டியதை நீட்ட முடியுமா? மனம் உடைந்துபோனது.

"நல்லாக் காஞ்ச விறகுதான், கிளாக்கர். ஆனா பத்தவைக்கலாம், நிப்பாட்ட ஏலா. ஒங்கட கதை மாதிரி."

காலம் தப்பிய மழை

பதின்மூன்றாம் நோன்பு. இரண்டு நாளாக மழை விடவில்லை. வண்ணாத்திவில்லு லொறி தண்ணீருக்குள் அகப்பட்டு வரவில்லை. பள்ளி முற்றத்தில் கிடந்த விறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. முற்பகல் பள்ளி மோதினார் சைக்கிளில் வந்து, "ரசாக் நானா விறகு கேக்குறார், இருக்குறதெல்லாம் வேணுமாம்" என்றார். ஊர் சிரித்த அந்தத் தகரத்துக்குக் கீழே என் விறகு காய்ந்த கருவாடுபோல் இருந்தது. மட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றினேன்.

தீ ஒரே மூச்சில் பிடித்தது. தேங்காய்ப்பால் விடும் வரைக்கும் எல்லாம் அழகு. அரிசி கரைந்து கஞ்சி இறுகத் தொடங்கியதும் தீயைக் குறைக்கவேண்டும். இழுக்க வால் இல்லை. ரசாக் நானா துடுப்பால் கிண்டிக்கொண்டே, "அடி புடிக்கப் போகுது, தீய எடுங்க!" என்று கத்தினார். அடிப்பிடித்தால் அன்றைக்கு ஊரே தீய்ந்த கஞ்சியில்தான் நோன்பு திறக்கும். நான் மையித்தாகிக் கபுறுக்குப் போகும்போதும் பின்னால் வருகிறவர்கள் அதைத்தான் கதைப்பார்கள். மம்பட்டியை எடுத்தேன். மண்ணில் ஒருக்களித்துக் கிடந்து தணலை வெளியே வழித்தேன். "காணாது" என்றார், உள்ளே தள்ளினேன். "கூடிட்டு" என்றார், மறுபடி வழித்தேன். நோன்பு வாயோடு மூன்று மணித்தியாலம். ஒரு பக்கப் புருவம் பொசுங்கியது, சாரத்தின் கரை கருகியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு குடையும் பாத்திரமுமாக ஊர் வரிசையில் நின்றது. ரசாக் நானா துடுப்பை அடிவரை விட்டுச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். கருகல் இல்லை. இலேசான புகை மணம் மட்டும் இருந்தது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பைத் திறந்து, முதல் மிடறு கஞ்சி குடித்தேன். இரண்டாம் மிடறைச் சந்தோஷத்தில் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். அடுத்த வரிசையில் யாரோ, "இண்டக்கிக் கஞ்சி தனி ருசி, இன்னொரு கோப்பை ஊத்துங்க" என்றார்கள்.

மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வரும்போது ரசாக் நானா என் தோளைத் தட்டினார். பாராட்டப் போகிறார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"லொறி வந்தாலும் பரவால்ல, இனி ஒங்கட விறகயே போடுவம். ஆனா வால் இல்லாத விறகுதானே, கிளாக்கர். நோம்பு முடியுமட்டும் வாலுக்குப் பதிலா நீங்க வந்து குந்தோணும்."

உப்பளத்தில் முப்பத்தொரு வருடமும் பிந்திப் போய்க் கையெழுத்து வைத்த நான், சம்பளமும் லீவும் இல்லாத இந்த உத்தியோகத்துக்கு மிச்சம் பதினேழு நாளும் நடுப்பகல் ளுஹர் பாங்குக்கு முந்தியே மம்பட்டியோடு போய் நின்றேன்.