ஓடுற வரைக்கும் ஓடட்டும்

வண்டி மூச்சை நிறுத்திய பிறகுதான் ஜனங்களுக்கு மெக்கானிக் ஞாபகம் வரும். திண்டுக்கல் பழனி ரோட்டில் பதினெட்டு வருஷம் ஷெட் போட்டிருந்தேன். நகக்கண்ணில் கிரீஸ் போகாத என் இனத்தாரே, நீங்களாவது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

பொட்டு

தொண்ணூறுகளில் ஒருநாள், குஜிலியம்பாறைப் பக்கத்து மில்காரர் தன் அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினேன், ஒரு சொட்டு ஆயில் இல்லை. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. வாரம் ஒருதரம் வேண்டாம், வெளியூர் கிளம்பும்போதாவது பானட்டைத் திறந்து பார்க்கக் கூடாதா? “ஆயில் இல்லன்னா செவப்பு லைட்டு எரியுமே, பாக்கலையா?” என்று கத்தினேன். லைட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. மனுஷன் கூசாமல் சொன்னார்:

“பத்து நாளா எரிஞ்சு கண்ண உறுத்துச்சுப்பா, அதான் வீட்டுக்காரி பொட்ட எடுத்து ஒட்டிட்டேன்.”

டாக்டர் வண்டி

வயிற்றுவலி என்று போனபோது டாக்டர் ஒருவர், “வலி ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருக்கணும்யா” என்று பத்துப் பேர் முன்னால் திட்டினார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். அதே டாக்டரின் மாருதியில், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் பம்பைச் சுற்றுகிற பெல்ட் வெடிப்பு விட்டிருப்பதைக் காட்டி, “மாத்திருவோம் சார்” என்று மூன்று தடவை சொன்னேன். நேரமில்லை என்றார். கொடைரோடு தாண்டியதும் பெல்ட் அறுந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தும் நிறுத்தி எனக்கொரு போன் போடாமல், புகை கிளம்பும்வரை மிதித்திருக்கிறார். எஞ்சின் வெந்துபோச்சு. நான்தான் முன்னாடியே சொன்னேனே என்றதற்குப் பதில்:

“நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிக்கு எதுக்குய்யா வைத்தியம்?”

மலையிறக்கம்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. வாடகைக்கு சுமோ விடுகிற ஒருத்தர். அவரிடம் பாண்டி டிரைவர். பிரேக் கீச்சிடுகிறது என்று பாண்டிதான் வண்டியைக் கொண்டுவந்தான். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடு தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. அரை நாள் கொடுங்கள், மலைக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். “சீசன் நேரம், வந்து பாத்துக்கலாம்” என்றார். “நீயாவது மாட்டேன்னு சொல்லேன்டா” என்றேன் பாண்டியிடம். “சொன்னா நாளைக்கு வேற ஆளப் போட்டுருவாருண்ணே” என்றான்.

கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது பெடல் தரையோடு போய்விட்டது. பள்ளத்துப் பக்கம் விடாமல், மலைப் பாறையில் வண்டியை உரசி உரசி நிறுத்தியிருக்கிறான். எட்டுப் பேர் பிழைத்தார்கள். பாண்டியின் வலது கால் இரண்டாக முறிந்தது. அதன்பிறகு அவன் ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அப்போதும் அந்த ஆள் சொன்னது:

“போகையிலயே நீ வாய வச்ச, அதான் இப்படி ஆயிருச்சு.”

இத்தனைக்கும், ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்க மட்டும் இவர்களில் ஒருத்தரும் ஒரு வருஷம்கூட மறந்ததில்லை.